அருளிலிருந்து 'ரிஸ்' வரை

மன்னர்க்கு வரலாறு உண்டு, மாளிகைக்கு உண்டு, மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பானை ஓட்டுக்கும் உண்டு. சொல்லுக்கு மட்டும் இல்லையா? உண்டு, தோழர்களே, உண்டு! ஆனால், அந்தச் சொல் தெருவிலே பிறந்ததாக இருந்துவிட்டால், அதன் வரலாற்றை எழுதப் புலவர் பெருமக்கள் எளிதில் முன்வருவதில்லை. கொச்சை என்பர், குப்பை என்பர், இளைஞரின் விளையாட்டு என்று கூறி ஏளனப் புன்னகை பூப்பர்.

அவ்வாறு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய சொல் ஒன்று, 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் அரியணை ஏறிற்று. ஆங்கில மொழிக்கு அகராதி வகுத்துத் தரும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தார், அந்த ஆண்டின் சொல் இதுவே என்று அன்று அறிவித்தனர். எட்டுச் சொற்களை மக்கள் முன் வைத்து வாக்குக் கேட்டனர், 30,000க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர், எட்டு நான்காயிற்று, நான்கில் ஒன்றை மொழியறிஞர்கள் தேர்ந்தனர். அந்தச் சொல் 'ரிஸ்'.

ஒரே அசை! ஒருவர் தம் பேச்சாலும் பாங்காலும் பிறரைத் தம்பால் ஈர்க்கும் ஆற்றல், சிறப்பாகக் காதல் நாட்டத்தோடு ஒருவரைக் கவரும் ஆற்றல் என்பது அதன் பொருள். 'அவனுக்கு ரிஸ் இருக்கிறது' என்றால், அவன் நாவசைத்தால் எதிரில் நிற்பவர் மனம் அசையும் என்பது கருத்து. இதனை உலகறியச் செய்தவர் கை செனட் என்னும் அமெரிக்கக் கறுப்பின இளைஞர். நியூயார்க்கில் 2001ஆம் ஆண்டு பிறந்தவர். ட்விட்ச் என்னும் இணையத் தளத்தில் நேரலை நடத்திப் புகழ் பெற்றவர். அவரும் அவருடைய நண்பர்களும் தங்களுக்குள் வழங்கிவந்த சொல், 2021, 2022ஆம் ஆண்டுகளில் நேரலை வழியே பரவிற்று. 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில், திரைப்பட நடிகர் டாம் ஹாலண்டு ஒரு பேட்டியில், தமக்கு ரிஸ் என்பது அறவே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். இல்லை என்று அவர் சொன்னதால் சொல்லின் புகழ் இமயம் ஏறிற்று! இருக்கிறது என்று சொன்னவர்களால் கூட அத்தனை விளம்பரம் கிடைக்கவில்லை.

எங்கிருந்து வந்தது இச்சொல்? 'கரிஸ்மா' என்னும் சொல்லின் நடுத்துண்டு என்கின்றனர் ஆக்ஸ்ஃபோர்டார். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தாலே தெரியும்: தலையை வெட்டி, வாலை நறுக்கி, நடுவுடலை மட்டும் எடுத்துக்கொண்டனர் இளைஞர். 'இன்ஃபுளுயன்சா' என்ற நோய்ப் பெயரின் நடுவிலிருந்து 'ஃபுளு' பிறந்தது. 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்ற நெடும்பெயரின் நடுவிலிருந்து 'ஃப்ரிஜ்' பிறந்தது. அதே வழி இதற்கும். இலக்கணத்துக்குப் புறம்பான செயல் அன்று இது. நாவுக்கு எளிமை தேடும் மக்கள், எல்லா நாட்டிலும் செய்துவரும் செயல்.

இன்னொன்றும் இங்கே கூற வேண்டும். 'கூல்' என்று இன்று உலகமே சொல்லுகிறது. அந்தச் சொல்லுக்கு இன்றுள்ள பொருளைப் பரப்பியவர்கள் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் இசைவாணர்கள். உணவு விடுதியில் ஒரே மேசையில் அமர இடம் மறுக்கப்பட்ட மக்களின் நாவிலிருந்து, இடம் மறுத்தவர்களின் பிள்ளைகள் சொற்களைக் கடன் வாங்கினர். கடன் கொடுத்தவர் பெயரை மட்டும் எழுதி வைக்க மறந்தனர். 'ரிஸ்' அந்த வகையில் நற்பேறு பெற்றது. பரப்பியவர் யார் என்பது, பரவிய அன்றே பதிவாகிவிட்டது.

பேரனைப் பார்த்தோம். இனிப் பாட்டனைப் பார்ப்போம். பாட்டன் தெருவில் பிறந்தவன் அல்லன். வானத்திலிருந்து இறங்கியவன் என்று கதை கட்டப்பட்டவன்.

'காரிஸ்' என்பது பழங்கிரேக்கச் சொல். எழில், இனிமை, அருள், நன்றி ஆகிய அத்தனையும் அதன் பொருள். அந்த எழிலுக்கு மூன்று தேவதைகளையும் கிரேக்கர் படைத்து வைத்திருந்தனர். ஹோமரின் 'ஒடிசி'யில் ஆறாம் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. கப்பல் உடைந்து, கடல் உப்புப் படிந்த உடலோடு, ஆடையின்றிக் கரை ஒதுங்குகிறான் ஒடிசியஸ். அவனைக் கண்ட பணிப்பெண்கள் அலறி ஓடுகின்றனர். அரசன் மகள் நாசிகா மட்டும் அஞ்சாது நிற்கிறாள், ஆடை தருகிறாள், எண்ணெய் தரச் செய்கிறாள். அவன் ஆற்றில் இறங்கி உப்பைக் கழுவுகிறான், எண்ணெய் பூசிக்கொள்கிறான், ஆடை உடுத்துகிறான். அதன் பிறகு, அதீனாத் தெய்வம் அவன் தலைமீதும் தோள்மீதும் 'காரி'சைப் பொழிந்தாள், அவன் ஒளி பெற்றான் என்கிறார் கவிஞர்.

பார்த்தீர்களா வேடிக்கையை! தண்ணீர் ஆற்றினுடையது, ஆடையும் எண்ணெயும் அந்தப் பெண் கொடுத்தவை, தேய்த்துக் குளித்த உழைப்பு அவனுடையது. அழகு வந்ததும், புகழ் முழுவதும் தெய்வத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது! இந்தச் சொல்லின் பின்னைய வரலாறு முழுவதற்கும் இந்தக் காட்சியே முன்னுரை என்பேன். மனிதர் செய்வதும் மனிதர் தருவதும் ஒருபுறம். 'அது மேலிருந்து வந்தது' என்று எழுதப்படும் கணக்கு மற்றொருபுறம்.

'காரிஸ்' என்பதிலிருந்து 'கரிஸ்மா' வந்தது. அருளால் கிடைத்த கொடை என்பது பொருள். கிறித்தவப் புதிய ஏற்பாட்டில் 17 இடங்களில் இச்சொல் வருகிறது. ஒன்று நீங்கலாக ஏனைய எல்லாம் பவுல் பெயரால் வழங்கும் கடிதங்களில். நோய் தீர்த்தல், தீர்க்கமாக உரைத்தல், பல மொழி பேசுதல் எனப் பலவும் ஆவியானவர் அளிக்கும் கொடைகளாக அங்கே கூறப்படுகின்றன. தமிழ் விவிலியம் பெயர்த்தோர் இதற்கு 'வரம்' என்ற சொல்லைத் தேர்ந்தனர். ஒன்றை மறுக்கலாகாது: பவுலின் கடிதத்தில் அந்த வரம் ஒரு தலைவனுக்கு மட்டும் உரிய தனிச்சொத்து அன்று; சபையில் இருந்த எளியவர்க்கும் பங்கிடப்பட்டது. ஒரு மனிதனை மற்றவர் தலைக்குமேல் தூக்கி நிறுத்தும் பொருள், பின்னால் வந்தவர்களின் கைவேலை.

இந்தச் சொல்லின் உறவினர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் 'சார்ம்' என்பர். அது மந்திரப் பாட்டைக் குறித்த 'கார்மென்' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. 'ஃபேசினேட்' என்பர், சூனியம் வைத்தல் என்பது அதன் பழம்பொருள். 'மோஜோ' என்பர், அமெரிக்கக் கறுப்பினத்தார் மந்திரப் பொருள்களை இட்டு மறைவாக அணிந்த சிறு துணிப்பை அது, நம் ஊர்த் தாயத்தின் தம்பி. 'கிளாமர்' கதை எல்லாவற்றையும் மிஞ்சும். இலக்கணம் என்று பொருள்படும் 'கிராமர்' என்ற சொல்லே ஸ்காத்லாந்தியர் நாவில் 'கிளாமர்' ஆயிற்று! எழுதப் படிக்கத் தெரிந்தவன் மந்திரமும் தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று படிப்பறிவற்ற மக்கள் நம்பிய காலம் அது. இலக்கண வகுப்பில் கொட்டாவி விடும் என் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'வசீகரம்' என்று அழகாகச் சொல்லுகிறோம். வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லின் பொருள், வசப்படுத்துதல். வசிய மை விற்பவனின் 'வசியம்' வேறு, மேடைப் பேச்சாளரின் 'வசீகரம்' வேறு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே!

ஆக, மேற்கிலும் கிழக்கிலும் மனிதக் கவர்ச்சிக்குப் பெயர் வைத்தவர்கள், கோவில் வாயிலிலோ மந்திரவாதி வீட்டு வாயிலிலோ நின்றுதான் பெயர் வைத்தனர். அறிவியல் என்னும் வாயிலில் நின்று பெயர் வைக்க ஒருவர் முயன்றார். அவர்தான் மெஸ்மர்.

பிரான்ஸ் ஆண்டன் மெஸ்மர் மருத்துவம் கற்றவர். உயிர்களின் உடலுக்குள்ளும் உலகெங்கும் ஒரு நுண்ணிய நீர்மம் ஓடுகிறது, அது காந்தம் போன்றது, அதைத் தம்மால் பிறர் உடலில் செலுத்தி நோய் தீர்க்க முடியும் என்றார். 1778ஆம் ஆண்டு பாரிசு நகரம் வந்தார். சீமாட்டிகளும் சீமான்களும் பெரிய மரத்தொட்டியைச் சுற்றி அமர்ந்தனர். தொட்டியிலிருந்து நீண்ட இரும்புக் கம்பிகளைப் பற்றிக்கொண்டனர். சிலர் நடுங்கினர், சிலர் அழுதனர், சிலர் வலிப்புற்று வீழ்ந்தனர். நகரமே பேசிற்று; பணம் குவிந்தது. 1784ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி ஒரு குழுவை அமைத்து ஆராயச் சொன்னான். குழுவில் இருந்தவர்கள் யார்? மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்லின், வேதியியலின் தந்தை எனப்படும் லவாசியே, வானியலறிஞர் பாய்யி, தலை வெட்டும் பொறிக்குத் தம் பெயர் வாய்க்கப் போவதை அன்று அறியாத மருத்துவர் கியோத்தன். (பத்தாண்டுக்குள் பாய்யி, லவாசியே இருவர் தலையையும் அந்தப் பொறி வாங்கிற்று என்பது வரலாற்றின் கொடுமை.)

குழுவினர் வாதம் புரியவில்லை, சோதனை செய்தனர். மெஸ்மரின் மாணவர் தெலோன், ஃபிராங்க்லின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சர்க்கரைபாதாமி மரத்துக்குக் 'காந்தம்' ஏற்றினார். காந்தத்துக்கு எளிதில் ஆட்படுபவன் என்று அவரே அழைத்துவந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மரமாக அழைத்துச் சென்றனர். முதல் மரத்தடியில் வியர்த்தான். அடுத்தடுத்த மரங்களில் தலை சுற்றிற்று. நான்காம் மரத்தடியில் மயங்கி வீழ்ந்தான். வீழ்ந்த இடம், காந்தமேற்றிய மரத்தடி அன்று! அந்த மரத்தின் அருகே அவன் அழைத்துச் செல்லப்படவே இல்லை. லவாசியே இல்லத்தில் ஒரு பெண்ணுக்கு வெறும் தண்ணீர்க் குவளைகள் வரிசையாகத் தரப்பட்டன. நான்காம் குவளையில் அவளுக்கு வலிப்பு வந்தது. தெளிந்தபின் தண்ணீர் கேட்டாள், உண்மையாகவே காந்தமேற்றிய குவளையைக் கொடுத்தனர், அமைதியாகக் குடித்தாள்!

குழுவின் முடிவு தெளிவானது. நம்பிக்கை இருந்த இடத்தில் காந்தம் இல்லாமலே வலிப்பு வந்தது. நம்பிக்கை தூண்டப்படாத இடத்தில் காந்தம் ஏற்றியும் ஒன்றும் நிகழவில்லை. ஆற்றல் கொடுத்தவனிடம் இல்லை, பெற்றவரின் மனத்திலே இருந்தது. மெஸ்மர் பாரிசை விட்டு நீங்கினார். ஆனால் சொல் நீங்கவில்லை. 'மெஸ்மரிசம்' என்று இன்றும் சொல்லுகிறோம். 'காந்தக் குரல்', 'காந்தக் கண்கள்' என்று எழுதுகிறோம். கொள்கை செத்த பிறகும் அதன் சொற்கள் உயிரோடு உலவுகின்றன!

'கரிஸ்மா'வுக்கு வருவோம். தேவாலயச் சட்டத்தை ஆராய்ந்த ருடால்ஃப் சோம் என்னும் செர்மானிய அறிஞர் 1892ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஆதிக் கிறித்தவச் சபையை விளக்க இந்தச் சொல்லைக் கையாண்டார். அவரிடமிருந்து அதை எடுத்து அரசியல் உலகுக்குக் கொணர்ந்தவர் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர். மக்கள் ஏன் பணிகின்றனர் என்று கேட்டார் அவர். பாட்டன் பணிந்தான், தந்தை பணிந்தான், நானும் பணிகிறேன் என்பது மரபு. சட்டம் சொல்லுகிறது, பணிகிறேன் என்பது இரண்டாவது. 'இவர் ஒப்பற்றவர், இவருக்காக எதுவும் செய்வேன்' என்பது மூன்றாவது. அந்த மூன்றாவதற்கு அவர் இட்ட பெயர் 'கரிஸ்மா'.

இங்கே பலர் வேபரைத் தவறாகப் படித்துவிடுகின்றனர். தலைவனுக்கு உண்மையிலேயே அப்படியோர் ஆற்றல் உண்டு என்று அவர் சொல்லவில்லை. உண்டோ இல்லையோ, பின்பற்றுவோர் அவனை எவ்வாறு கருதுகின்றனர் என்பதே முக்கியம் என்றார். தலைவன் அதை ஓயாமல் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். தோல்வி தொடர்ந்தால் ஒளி மங்கிவிடும். வெள்ளமும் வறட்சியும் வந்தபோது சீனப் பேரரசன் மக்கள் முன் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். கூர்ந்து பார்த்தால் இது 1784ஆம் ஆண்டின் தோட்டத்துச் சோதனை கூறிய செய்தியேதான். சிறுவனுக்குப் பதில் ஒரு நாடு, மரத்துக்குப் பதில் ஒரு தலைவன்.

வேபர் 1920ஆம் ஆண்டு மறைந்தார். 13 ஆண்டுகள் கழித்து அவருடைய நாட்டிலேயே இட்லர் ஆட்சிக்கு வந்தான். அவனுடைய பேச்சில் மாயம் இருந்தது, கண்ணில் காந்தம் இருந்தது என்று எத்தனை பேர் எழுதியிருக்கின்றனர்! ஆனால், ஹைன்ரிக் ஹாஃப்மன் என்னும் அவனுடைய புகைப்படக்காரர் 1920களில் எடுத்த படங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. கையை உயர்த்தி, முட்டியை மடக்கி, விழியை உருட்டி, மேடையில் காட்ட வேண்டிய பாவனைகளைப் படக்கருவியின் முன் ஒவ்வொன்றாகப் பழகிப் பார்க்கிறான். படங்களைப் பார்த்த பின் அவற்றை அழித்துவிடுமாறு கூறினான், ஹாஃப்மன் அழிக்கவில்லை. தேசத்தை மயக்கிய 'தெய்வீக ஆற்றல்' கூத்துப் பயிற்சியாய் நம் கண்முன் நிற்கிறது! அந்த மயக்கத்துக்கு மனித குலம் கொடுத்த விலையை நான் எழுத வேண்டியதில்லை.

வேபரின் எழுத்துகள் 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் பரவலாயின. பிறகு செய்தியாளர் கைக்குச் சொல் வந்தது. ஜான் கென்னடியைப் பற்றி எழுதியவர்கள் அதைத் தாராளமாகத் தூவினர். 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், தொலைக்காட்சியில் கென்னடியும் நிக்சனும் வாதிட்டனர். நிக்சன் முழங்கால் நோயால் மருத்துவமனையில் கிடந்து எழுந்தவர், மெலிந்து வெளுத்திருந்தார். கென்னடி ஓய்வெடுத்து, வெயிலில் நிறமேறி வந்திருந்தார். ஒளி விளக்குகள் மீதி வேலையைச் செய்தன. குளித்து எண்ணெய் பூசிய ஒடிசியஸ் நினைவுக்கு வருகிறானா இல்லையா?

1927ஆம் ஆண்டு கிளாரா போ நடித்த 'இட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம், பெயர் சொல்லத் தெரியாத கவர்ச்சிக்கு 'அது' என்றே பெயர் வைத்துக் காசு பார்த்தது. 1974ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கற்பனை விளையாட்டு வந்தது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, அறிவு முதலிய ஆறு இயல்புகள். ஆறில் ஒன்று 'கரிஸ்மா'! மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். விழுந்த எண்களின் கூட்டே ஒருவனுடைய அருள். குறைந்தது 3, மிகுந்தது 18. விண்ணிலிருந்து இறங்கிய வரம் சாப்பாட்டு மேசையில் பகடையாக உருண்டது. பாட்டனின் பட்டாடை அன்றே கழன்றுவிட்டது. பேரன் தெருவிலே பிறக்க எல்லாம் ஆயத்தமாயிற்று.

அதனால்தான் 'ரிஸ்' என்ற சொல்மீது எனக்கு ஒரு மதிப்பு உண்டு. பேசத் தெரிதல், தோற்றபின்னும் சொல்லைத் திருத்திப் பேசி நிலைமையை மாற்றுதல் என்று அதை ஒரு திறமையாகவே இளைஞர் பேசுகின்றனர். கூடும் என்கின்றனர், குறையும் என்கின்றனர், சுத்தமாக இல்லை என்று சொல்லிச் சிரிக்கின்றனர். அருள் தமக்கு இல்லை என்று எந்த அடியார் சிரித்தார்? என் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "அவனுக்கு ரிஸ் இருக்கு சார்" என்று நண்பனைச் சுட்டினான். "எப்படித் தெரியும்?" என்றேன். "அவன் என்ன சொன்னாலும் நாங்க எல்லாரும் சிரிப்போம் சார்" என்றான். நோக்குங்கள்: நண்பனின் ரிஸ்சுக்கு அவன் காட்டிய சான்று, சிரித்தவர்கள்!

மதிப்பு உண்டு என்றேன், ஐயமும் உண்டு. பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை இது திறமையைக் குறிக்கிறது. ஆனால் அகராதியார் இதற்கு ஒரு வினை வடிவத்தையும் காட்டுகின்றனர்: ஒருவரை 'ரிஸ் அப்' செய்தல். செயப்படுபொருள் குன்றா வினை. செய்பவன் பெரும்பாலும் ஆண். செயப்படுபொருளாக நிற்பவள் பெண். அவள் என்ன நினைக்கிறாள், அவளுக்கு விருப்பமா, மறுத்தாளா என்று கேட்க அந்த வினையில் இடமே இல்லை. மறுப்பு வந்தால் அது அவளுடைய உரிமையாகத் தோன்றுவதில்லை. அவனுடைய ரிஸ் போதவில்லை, இன்னும் முயல வேண்டும் என்றுதான் தோன்றும். நாசிகா ஆடை கொடுத்தாள் என்றால், அஞ்சாது நின்று, எண்ணிப் பார்த்து, தானே முடிவு செய்து கொடுத்தாள். அதீனா பொழிந்த 'காரிஸ்' அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பழங்கதையில் பெண்ணுக்கு இருந்த இடம்கூட, நேற்றுப் பிறந்த இந்த வினைச்சொல்லில் இல்லை.

இதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நண்பர்கள் கேட்கின்றனர். பெயர்ச்சொல்லுக்குப் 'பேச்சீர்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது கிடைத்தால் மாணவர்களே கொண்டுவரட்டும், அவர்கள் நாவில்தான் அது வாழ வேண்டும். வினைச்சொல்லுக்கு மட்டும் நான் தேடப் போவதில்லை. அதற்குரிய தமிழை, வசிய மை விற்பவன் தன் விளம்பரப் பலகையில் என்றோ எழுதி வைத்துவிட்டான்.